முனி ஊதாத விளக்கு

அரியலூரிலிருந்து வந்திருந்த கெமிஸ்ட் முருகையன், சுண்ணாம்புக் காளவாயை ஒட்டிய கிணற்றுக்குள் லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதி ஆழத்திலேயே அணைந்துவிட்டது.

"முனி ஊதுறாரு சார்," என்றார் காளவாய்க்காரர் அய்யம்பெருமாள். "எழுபத்திரண்டுல தூர்வார எறங்குன இந்த இருசம்மா புருசனையும் அடிச்சுப் போட்டுட்டாரு."

முருகையன் சிரித்தார். பத்துக் குடம் சுண்ணாம்புப் பாலைக் கிணற்றுச் சுவர் நெடுக ஊற்றச் சொன்னார். மத்தியானம் மறுபடி இறக்கிய லாந்தர், தண்ணீர் மட்டம் வரை நின்று எரிந்தது.

"கல்லு வேகுறப்ப வர்ற கரியமில வாயுதான் உங்க முனி. காத்தைவிடக் கனம், கெணத்துல எறங்கித் தேங்கிடும். சுண்ணாம்பு அதைப் புடிச்சு மறுபடி கல்லாக்கிடுச்சு. இனிமே வெளக்கு அணைஞ்சா யாரும் எறங்காதீங்க."

கூட்டம் கைதட்டியது. இருசம்மாள் மட்டும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே என்னம்மா பயம்?" என்றார் முருகையன்.

"அது முனியாவே இருந்திருக்கக் கூடாதா சார்?" என்றாள். "முனி கேட்ட உசுருன்னு மனசைத் தேத்தியிருந்தேன். அன்னைக்கு அவரும் மொதல்ல வெளக்கைத்தான் எறக்குனாரு. அணைஞ்சதும் தயங்கி நின்னாரு. 'காத்துல அணைஞ்சிருக்கும், எறங்குங்க'ன்னு நான்தான் சொன்னேன்."