பன்னிரண்டு சீல்

ஃபேர்லேண்ட்ஸ் ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் இனியன், காரை விட வந்த ராசப்பன் நீட்டிய சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினான். நாலு வருடத்தில் பன்னிரண்டு சீல்.

"ரொம்பத் தூரம் ஓடற வண்டியாட்ட இருக்குதுங்க."

"வண்டி நடுவழியில நிக்கக் கூடாது பாருங்க. ஆயிலு, பிரேக்கு, பேட்டரி எல்லாத்தையும் நாலு மாசத்துக்கு ஒருக்கா பாத்துருவேன். கெட்டுப்போன பொறவு பாக்கறவன் மடையனுங்க."

அப்போது அவர் மனைவி சௌந்திரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஜலகண்டாபுரத்திலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

"மூணு வருசத்துக்கு முந்தியே வந்து காட்டியிருக்கோணும்னு டாக்டர் சொல்றாருங்க. திரும்பிப் போறப்பவாச்சும் காருல வாரனுங்க."

"கழுவித் துடைச்சுக் குடுப்பாங்க. நீ ஏறுனா சீட்டு அழுக்காயிரும். பஸ்ஸுல போ."

இனியன் மீட்டரைப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"ஏனுங்க, ஆயிரம் கிலோமீட்டருகூட ஓடலைங்களே. இந்த வண்டி எங்கதானுங்க போகும்?"

ராசப்பன் சர்வீஸ் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சௌந்திரம்தான் சொன்னாள்.

"ஊட்டுல இருந்து இங்க வருமுங்க தம்பி. இங்கிருந்து ஊட்டுக்குப் போகுமுங்க."