வேறொருவர் போட்ட குழை

1954இல் ஒரு சனிக்கிழமை, சாகாமக் குளத்துக்கு அப்பாலுள்ள மலையில் ஏறுவதற்குக் கல்முனையிலிருந்து மூன்று சிநேகிதர்கள் போனார்கள். காட்டுக்குள் நுழைகிறவர்கள் ஆளுக்கொரு பச்சைக் குழை, இலையோடு சிறு கொப்பு, முறித்து, காவலுக்கென்று காட்டோரத்துப் பாலை மரத்தில் தொங்கவிடுவது வழக்கம். தங்கராசாவும் ஆதம்லெவ்வையும் தொங்கவிட்டார்கள். நேசரட்ணத்துக்கோ உடம்பு வளையாது. ஏற்கெனவே அங்கே தொங்கிக் காய்ந்துபோயிருந்த ஒன்றைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"அது வேற ஆரோ போட்டது, மச்சான். புதிசா ஒண்டு முறி," என்றான் தங்கராசா.

"எல்லாம் ஒரு குழைதான். நடங்கடா."

மலையேறி, கட்டுச்சோறு தின்று, வெயில் தாழ இறங்கினார்கள். நேசரட்ணம் கடைசியாக வந்தான். பாலை மரத்தைத் தாண்டி நடந்தான். முன்னால் அதே பாலை மரம் நின்றது. மறுபடி தாண்டினான்; மறுபடி அதே மரம். அவன் மாட்டிய காய்ந்த குழை இப்போது பச்சையாக இருந்தது.

கீழே வண்டிப்பாதையில் சிநேகிதர்கள் போவது தெரிந்தது. மூன்று பேர் போனார்கள். நடுவே போனவனுக்கும் நேசரட்ணம் உடுத்திருந்த அதே கோடுபோட்ட சட்டை.

நேசரட்ணம் தொண்டை கிழியக் கத்தினான்.

ஆதம்லெவ்வை நின்று திரும்பிப் பார்த்தான். "ஆரோ கூப்பிடுற மாதிரி இரிக்கிடா."

"ஒருத்தரும் இல்ல, மச்சான்," என்றது நடுவிலிருந்து நேசரட்ணத்தின் குரல். "நடங்கடா."