வஹ்பியின் காது

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, சின்னக் கதைதான், ஆனால் நெஞ்சில் தங்கும்.

எகிப்தில், தன்தா ஊர் ரயிலடியில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. பாட்டும் ஆட்டமும் கேலியுமாகக் கெய்ரோவிலிருந்து ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனி, அட்டைப் பேரீச்ச மரங்களை ரயிலில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. கோமாளி வேஷம் கட்டும் கிழவர் வஹ்பி மட்டும், சிவப்புக் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சை விட்டு எழவில்லை. நேற்று வசனம் மறந்து நடுமேடையில் நின்றார். சனம் சீட்டியடித்து விரட்டியது. மேடைக்கு அடியில் கூண்டுக்குள் உட்கார்ந்து, மறந்த வசனத்துக்கு அடியெடுத்துக் கொடுக்கும் ஷஹாத்தா பக்கத்தில் நிற்கிறான். அவன் விரல் சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி நூலை அறுக்கிறது. எல்லார் முன்னாலும் அவர் தன்னைக் "கூண்டுக்கோழி" என்று கேலி பண்ணிய கோபத்தில், நேற்று அவன் வாயே திறக்கவில்லை.

"நீ சொல்லியிருப்பே தம்பி, எனக்குத்தான் காது போச்சு. செவிட்டுக் கோமாளிக்கு எவன் சோறு போடுவான்? நான் ஊருக்கே போறேன். இந்தா, கடலை தின்னு."

வறுத்த கடலைப் பொட்டலம் இன்னும் சூடாக இருக்கிறது. ஷஹாத்தா பொட்டலத்தை வாங்கி, ஒரே ஒரு கடலையை எடுத்துக்கொண்டு கிழவரிடமே நீட்டுகிறான். இன்ஜின் ஊதுகிறது. "ஏறுங்கடா சோம்பேறிகளா!" என்று மேனேஜர் கத்துகிறார். அத்தனை இரைச்சலுக்கும் நடுவில், கூண்டுக்குள் பேசுகிற அதே மெல்லிய குரலில் ஷஹாத்தா சொல்கிறான்:

"நேத்து நான் சொல்லவே இல்ல, பெரியவரே."

வஹ்பியின் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஒரு எழுத்து விடாமல் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவனை ஏறிட்டுப் பார்க்காமல், குல்லாவைத் தலையில் வைத்துக்கொண்டு, பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கியபடி கிழவர் கம்பெனியோடு ரயிலேறுகிறார். ஷஹாத்தாவின் உள்ளங்கையில் ஒரே ஒரு கடலை.

சொல்ல வேண்டிய சொல் உங்கள் வீட்டில் காலத்தோடு வாய்க்கட்டும், கண்ணுகளா. உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.