முதல் குண்டு

"கையைப் பாரு, எப்படி ஆடுதுன்னு! இந்தக் கையோட ராணுவத்துக்காரங்க முன்னாடி வந்து நிக்கிறியே, வெட்கமா இல்லே? வெளியே போ!"

தொழிற்சாலையின் சீஃப் போட்ட சத்தத்தில் சுடுதளமே கப்சிப். வரிசையாக உட்கார்ந்திருந்த ராணுவ அதிகாரிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திட்டு வாங்கிய ஃபிட்டருக்கு மானம் கப்பலேறியது. திட்டியவர் இன்று ராணுவத்துக்குக் காட்டப்போகும் புதுத் துப்பாக்கியை வடிவமைத்த பெரிய மனிதர் மட்டும் இல்லை, அவன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். வீட்டில் 'மாப்ளே' என்று தோளில் கை போடுகிறவர். இத்தனை பேர் முன்னாலா இப்படிப் பேசுவது?

ஆனால் கை ஆடியது உண்மைதான். அதற்குக் காரணமும் இருந்தது.

துப்பாக்கிக்கு உடம்பு ஒன்று, குழல் மூன்று. வண்டியில் போகிற சிப்பாய்க்குக் குட்டைக் குழல், நடந்து போகிறவனுக்கு நடுத்தரம், ஒரே இடத்தில் படுத்தபடி தொடர்ந்து சுடுகிறவனுக்குக் கனமானது. கழற்றி மாட்டினால் ஆயிற்று. இன்றைக்கு ராணுவம் தலையாட்டிவிட்டால் படை முழுக்க இதுதான். ஆட்டாவிட்டால் தொழிற்சாலையை இழுத்து மூட வேண்டியதுதான்.

குழலை உடம்போடு பிடித்துக்கொள்வது சின்னதாக ஒரு லாக் பின். குட்டைக் குழலை மாட்டும்போது மட்டும் அது எப்போதாவது முழுதாகப் பூட்டாமல் பாதியில் நின்றுவிடும். 'டக்' என்ற சத்தம் என்னவோ ஒழுங்காகத்தான் கேட்கும். போன வாரம் அப்படி நின்றது. நல்லவேளை, கயிறு கட்டிச் சுவருக்குப் பின்னாலிருந்து இழுத்துச் சுட்டார்கள். துப்பாக்கி வெடித்து, சுடுகிறவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருந்த பலகை சில்லுச் சில்லாகப் போயிற்று. பெருக்கி அள்ளியது ஃபிட்டர்தான்.

"அதைச் சரி பண்ணியாச்சு" என்று சீஃப் மறுநாளே சொல்லிவிட்டார். மனசு நம்பியது. கைதான் நம்ப மறுத்தது.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. குழலை எவன் மாட்டுகிறானோ, அவனே முதல் குண்டைச் சுட வேண்டும். அப்போதுதான் ஒழுங்காக மாட்டுவானாம். இன்று அந்த முறை ஃபிட்டருக்கு. குட்டைக் குழலை அவன் கையில் எடுத்தபோதுதான் சீஃப் கத்தினார்.

"நீ வாப்பா! நீ மாட்டு, நீயே சுடு" என்று பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டார். வேலையில் எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் 'பாட்டுக்காரன்' என்று பெயர்.

ஃபிட்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பாட்டுக்காரனின் முணுமுணுப்பு நின்றது. ஃபிட்டர் கதவில் காதை வைத்தான்.

டுமீல்!

அப்புறம் கைதட்டல் கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

கொஞ்ச நேரத்தில் சீஃப் வெளியே வந்தார். கையில் தண்ணீர் டம்ளர்.

"குடி மாப்ளே. மனசுல வச்சுக்காதே."

"அத்தனை பேர் முன்னாடி என்னைப் போய்..."

சீஃப் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேற எப்படிய்யா உன்னை அங்கேயிருந்து கிளப்புறது? உனக்கு ஒண்ணுன்னா என் தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

ஃபிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனைப் போயா தப்பாக நினைத்தோம்! கலங்கிய கண்ணைத் துடைக்கும்போதுதான் உறைத்தது.

"அப்போ... பின்னைச் சரி பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே மச்சான்?"

"சரி பண்ணணும்னா துப்பாக்கி உடம்பையே மாத்தணும். மூணு குழலையும் முதல்லேயிருந்து சோதிக்கணும். அதுக்கெல்லாம் ஏது நேரம்? ஆர்டர் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். எப்பவாவதுதானே நிக்குது!"

கதவு திறந்தது. பாட்டுக்காரன் ஓடி வந்து சீஃபின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"சார், இத்தனை பேர்ல என்னைக் கூப்பிட்டு நிறுத்தினீங்களே! கர்னலே கை குடுத்தாரு சார். உசிரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

"உழைக்கிறவனுக்கு நான் எப்பவும் வாய்ப்புக் குடுப்பேன்ப்பா" என்றார் சீஃப். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

உள்ளே கர்னலின் உற்சாகக் குரல் கேட்டது. "இப்போ நம்ம ஆளுங்க மாட்டிப் பார்க்கட்டும். யாராவது ஒருத்தர் வாங்க!"

திறந்த கதவு வழியே ஃபிட்டர் பார்த்தான். இளவட்டச் சிப்பாய் ஒருவன் சிரித்துக்கொண்டே குட்டைக் குழலை எடுத்து மாட்டினான்.

'டக்.'

ஃபிட்டர் உள்ளே பாய்ந்தான். சீஃப் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்ளே, பைத்தியமா உனக்கு? எல்லார் வேலையும் போயிடும்!"

சட்டை கிழிந்ததே தவிர அவன் நிற்கவில்லை.

"சுடாதீங்க தம்பி! கீழே வைங்க!"

கர்னலுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாருய்யா நீ? கை நடுங்குதுன்னு விரட்டிவிட்ட ஆள்தானே?"

"ஆமாங்கய்யா." ஃபிட்டர் சிப்பாய் கையிலிருந்த துப்பாக்கியைச் சுட்டிக் காட்டினான். "சுட்டா என்ன ஆகும்னு எங்க சீஃபுக்குத் தெரியும். அவரு என் மச்சான், அதான் என்னை விரட்டிவிட்டாரு. இந்தத் தம்பிக்கு, விரட்டிவிட இங்கே மச்சான் யாரும் இல்லீங்களே!"