துரைசானி தந்த வாக்கு

லண்டனிலிருந்து வந்த துரைசானி தேத்தண்ணிக் கோப்பையைத் தொடவே இல்லை. கணக்கப்பிள்ளை வீட்டில் கெஞ்சி இரவல் வாங்கிய பீங்கான் கோப்பை அது. அப்படித் தேய்த்துக் கழுவியும் லயத்துக் கை பட்டதென்று அருவருக்கிறாள் போலும் என்று நினைத்து வீரம்மா முகம் சுண்டிப்போனாள்.

அதற்காகக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட முடியுமா? இலங்கைக்குச் சுதந்திரம் வந்து வருஷங்கள் ஓடியும் அக்கரப்பத்தனையில் அந்தத் தேயிலைத் தோட்டம் லண்டன் கம்பெனியிடம்தான் இருந்தது. பெரிய துரையின் விருந்தாளியாக வந்தவள், துரையைக் கூட வரவேண்டாம் என்று தடுத்துவிட்டு, மொழிபெயர்க்க யோகராணி டீச்சரை அழைத்துக்கொண்டு நேரே கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கே வந்திருந்தாள். இப்படி ஒரு துரைசானியை அங்கே யாரும் கண்டதில்லை.

"தான் குடிக்கிற தேயிலையை எடுக்கிற ஆக்கள் எப்பிடி இருக்கினம் எண்டு கண்ணால பாக்க வந்தவவாம். உள்ளதைப் பயப்பிடாமல் சொல்லுங்கோ," என்றார் டீச்சர்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு புள்ள. தொர காதுக்குப் போனா வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு," என்று கதவோரம் நின்ற கணவன் ஆண்டியப்பன் பல்லைக் கடித்தான்.

"சும்மா இருந்ததெல்லாம் போதும்," என்றாள் வீரம்மா.

மூலையில் சாக்கின் மேல் படுத்திருந்த சின்னவள் பூரணி இருமிக்கொண்டே இருந்தாள். மழைக்கு முன்னால் அந்தக் கூரைக்கு நல்ல தகரம் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் இவளும் தங்கமாட்டாள். பெற்றவளுக்கு அதைவிடப் பெரிய பயம் எது?

கொட்டித் தீர்த்துவிட்டாள். ஒரே அறையில் கொழுந்தன் குடும்பமும் சேர்ந்து முடங்கிக் கிடப்பது, மழை வந்தால் அடுப்புக்கு மேலேயே ஒழுகுவது, கொழுந்து நிறை குறைந்தால் அரை நாள் கூலியோடு அனுப்புவது எல்லாம் வந்தன. போன மழையில் ஈரத்திலேயே கிடந்து, சளி முற்றி, மருந்துக்கு வழியில்லாமல் செத்துப்போன மூத்தவன் அழகனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. டீச்சர் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

துரைசானி அழுதேவிட்டாள். வீரம்மாவின் வெடித்த விரல்களைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்தபடி காரை நோக்கி நடந்தாள்.

"என்னா சொன்னாங்க டீச்சர்? கூரை போடச் சொல்றாங்களா?"

டீச்சர் தயங்கினார். "இல்லை வீரம்மா. இஞ்சத்தைய நிலைமையைக் கேள்விப்பட்ட நாள் தொடக்கம் அவ இந்தத் தேயிலையைக் குடிக்கிறேல்லையாம். அதுதான் இதையும் தொடேல்லை. அங்க ஊரூராக் கூட்டம் வச்சு, அழகன்ர கதையைச் சொல்லி, இந்தத் தோட்டத்துத் தேயிலையை ஒருத்தரும் வாங்காமல் செய்வன் எண்டு உங்களுக்கு வாக்குத் தந்திட்டுப் போறா."

நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? அந்த மனசைத் தாங்கத்தான் லயத்தில் ஆளில்லை.

ஆண்டியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். "வெல எறங்கினப்பவே வாரத்துல பாதி நாளு வேலை இல்லைன்னு ஒக்கார வச்சாங்க. யாருமே வாங்கலைன்னா தோட்டத்தையே மூடிருவாங்களே! இருக்கிற ஒரு புள்ளைக்குக் கஞ்சி எங்கேருந்து ஊத்துறது?"

வீரம்மா ஓடினாள். புறப்படப் போன காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார் டீச்சர்.

"நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு சொல்லுங்க டீச்சர்! எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. தேயிலைய வாங்கச் சொல்லுங்க!"

டீச்சர் வீரம்மாவின் தோளைப் பிடித்தார். "அப்ப, செத்த பிள்ளை?"

வீரம்மா கதவை விடவில்லை.

"அப்படி ஒரு புள்ளைய நான் பெக்கவே இல்லைன்னு சொல்லுங்க."