கால் அரிப்புக்கு மருந்து

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது ஜினிஷாவுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

கீரிப்பாறை எஸ்டேட் குவார்ட்டர்ஸில் வாசல்படியில் உட்கார்ந்தால்தான் போனில் டவர் கிடைக்கும். பக்கத்திலேயே அப்பா தங்கையன் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்த கதையை அவர் காதுபடவே தோழி ஜெஸ்பினிடம் இங்கிலீஷில் சொல்லிவிடலாம்.

அவரிடம்தான் சொல்ல முடியவில்லை. அம்மா இறந்த பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பக்கத்து வீட்டு அனிஷ் கனடா கிளம்பியபோதே, "நம்ம வீட்டுல அந்தப் பேச்சே வேண்டாம், கேட்டியா?" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கு ஜெஸ்பின் போனில் கேட்டாள். "ஏட்டி, போறதுக்கு அவ்வளவு ஆசையா?"

"பின்னே? ஐ ஹேவ் இட்ச்சி ஃபீட்!"

கோச்சிங் கிளாஸில் படித்தது. ஊர்விட்டு ஊர் போகத் துடிக்கிறவர்கள் சொல்வது.

கத்தி தீட்டும் சத்தம் நின்றது.

"மக்கா, காலுல இச்சிங்கா?"

அட்டைக் கடிக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கி வாங்கி, அரிப்புக்கும் காலுக்கும் உள்ள அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் அவருக்குப் பழக்கம்.

ஜினிஷா சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "ஆமாப்பா, கொஞ்சம்" என்றாள்.

உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"மருந்து தரல்லியாப்பா?"

"இந்த அரிப்புக்கு அங்க மருந்து கெடையாதாம்."

தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் சூடாக்கினார். அவள் கூச்சத்தில் காலை இழுக்க இழுக்க, பிடித்து வைத்துத் தேய்த்துவிட்டார். மறுநாளும் தேய்த்தார். அதற்கு அடுத்த நாளும்.

ஜெஸ்பினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இனி கெளம்பப் போறேன்னு சொல்லதுக்கு 'ஹிட் த ரோடு'ன்னு சொல்லிப் பாருட்டி. கம்பெடுத்துட்டுப் போயி ரோட்ட அடிப்பாரு!"

ஜினிஷாவும் சிரித்தாள்.

டிக்கெட் வந்த அன்று சாயங்காலமும் எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்பா வந்து உட்கார்ந்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

"போதும்ப்பா. எனக்க காலுல ஒண்ணும் இல்ல. நான் சொன்னதுக்கு... வேற அர்த்தம்."

"தெரியும் மக்கா."

"எப்படிப்பா?"

"ஆஸ்பத்திரி சிஸ்டர்ட்ட நீ சொன்னத அப்படியே சொன்னேன். 'இது சீக்கு இல்ல அண்ணாச்சி, ஒம்ம மொவளுக்குப் பயணம் போக ஆச'ன்னு அன்னைக்கே சொல்லிட்டா."



"பின்ன எதுக்குப்பா தெனமும் தேய்ச்சு விடுதீங்க?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குதிகாலில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவினார்.

"ரொம்ப தூரம் போற காலுல்லா மக்கா. வெடிப்பு கிடிப்பு இருக்கப்பிடாது."