மூன்றாவது பார்வை

ஜானவி உள்ளே வந்ததும் ஆர்ஷா வரவேற்பறை நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“அக்கா, இன்னைக்கு வாறது ரேடார் படமா, கேமராப் படமா?”

“ரேடார்.”

“அப்போ மேகம் இருந்தாலும் சாரமில்ல, படம் விழும்.”

ஆர்ஷா மறுபடி உட்கார்ந்தாள். கையில் யாரோ கொடுத்த தேநீர் ஆடை படிந்து கிடந்தது.

விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்கப் போன படகு அவளுடைய அப்பா திரவியத்தினுடையது. கூட அவருடைய மருமகனும் போயிருந்தான். விடுமுறை நாள் என்பதால் போனான். காற்று பிறகுதான் வந்தது.

படகு திரும்பவில்லை.

செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொல்வதுதான் மாடியில் இருந்த நிறுவனத்தின் வேலை. காடு எரிந்ததா, வயல் மூழ்கியதா, கப்பல் எங்கே நிற்கிறது. இன்றும் ஜன்னலோர மேசையில் ஒருவர் ஏதோ ஒரு மாவட்டத்தின் கரும்பு வயல்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார்.

தேடல் மையம் காலையிலேயே சொல்லிவிட்டது. இன்றைய படத்திலும் ஒன்றுமில்லை என்றால் தேடும் கப்பலைத் திருப்பி அழைத்துக்கொள்வார்கள்.

நிறுவனத்தைத் தொடங்கிய ஹரிநாராயணன் தன் அறைக் கதவருகே நின்று அதை எல்லோருக்கும் சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

படம் வந்தது.

ஒரு படத்தை இரண்டு பேர் பார்க்க வேண்டும். தனித்தனியாக. ஒருவர் குறித்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது. அதற்காக ஜானவியின் மேசைக்கும் கிரீஷின் மேசைக்கும் நடுவே ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து நிறுத்தியிருந்தார்கள். பரீட்சை ஹால் என்று அதற்குப் பெயர்.

அட்டைக்கு அப்பாலிருந்து கிரீஷ் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

“கரமனை ஆத்துலகூட காலு நனைக்காத ஆளு, கடல்ல வள்ளம் தேடுது, கேட்டியா.”

“நீ மட்டும் கட்டுமரத்துலயா பொறந்தே?”

அதுவும் வழக்கமான பதில்தான். இருவரும் சிரிக்கவில்லை.

திரையில் கடல் கறுப்பாக இருந்தது. துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்த கண்டெய்னர் கப்பல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. தேடும் கப்பலும் தெரிந்தது. தனியாக நின்றது.

திரவியத்தின் படகு ஃபைபர். ஃபைபர் ரேடாரில் ஏறக்குறையத் தெரியாது. என்ஜின் மட்டும் ஒரு புள்ளியாக விழலாம். அலை எழும்பும் இடமும் அப்படி ஒரு புள்ளியாகத்தான் விழும்.

அலையைப் படகென்று குறிப்பது புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் தவறு. அப்படிக் குறித்தவர்களை உட்காரவைத்துத் திருத்துவது ஜானவியின் வேலை.

அவள் படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். புள்ளிகள் இருந்தன. எல்லாம் அலை.

கீழிருந்து மேலாகப் பார்த்தாள். எல்லாம் அலை.

ஏசியைக் குறைக்கச் சொல்லலாம் என்று நினைத்தாள். மௌஸை நகர்த்தினாள்.

‘இல்லை’ என்ற பொத்தான் வலது மூலையில் இருந்தது. இருவரும் அதை அழுத்தினால் படம் மூடப்படும். மூடியதும் அறிக்கை தானாகவே தேடல் மையத்துக்குப் போய்விடும்.

கிரீஷ் எதை அழுத்துவான் என்று அவளுக்குத் தெரியும். சந்தேகமான புள்ளி எதையும் அவன் இதுவரை குறித்ததில்லை. அதற்காக அவனைக் கல்நெஞ்சன் என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

அவள் தெற்கே ஒரு அலையைத் தேர்ந்தெடுத்தாள். அதைச் சுற்றிக் கட்டம் வரைந்தாள். ‘படகு’ என்று குறித்து அனுப்பினாள்.

அப்பால் கிரீஷின் மௌஸ் சத்தம் கேட்டது.

இருவரும் அனுப்பிய பிறகுதான் இரண்டு பேர் குறித்ததும் ஒரே திரையில் தெரியும். தெரிந்தது.

தெற்கே அவளுடைய கட்டம். வடமேற்கே, வெகு தூரத்தில், இன்னொரு கட்டம்.

அவள் கிரீஷின் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அலை.

அவனும் அவளுடையதைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பான்.

திரையின் அடியில் ஒரு வரி வந்தது. ஒத்துப்போகவில்லை. மூன்றாவது பார்வைக்குக் காத்திருக்கிறது.

ஹரிநாராயணன் வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றார். இரண்டு கட்டங்களையும் பார்த்தார். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

“ஒத்து வரல்ல சார்,” என்றான் கிரீஷ். “ரூல்படி மூணாவது ஆளு பார்க்கணும்.”

“ரூல் ரூல்தான்,” என்றார் அவர்.

கடல் படங்களுக்கு மூன்றாவது ஆள் ஒருவன்தான். அவன் சொல்வதே முடிவு. அவன் பார்க்காமல் படத்தை மூட முடியாது.

ஹரிநாராயணன் கைபேசியில் தேடல் மையத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். படம் இன்னும் மூடப்படவில்லை என்றார். இரண்டு பேர் இரண்டு இடத்தைக் குறித்திருக்கிறார்கள், மூன்றாவது ஆள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

அதிகாரி மலையாளத்தில் கேட்டார். யார் அந்த ஆள், எப்போது பார்ப்பார்?

ஹரிநாராயணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஷிஜு,” என்றார். “திரவியத்தின்றெ மருமோன்.”

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. கதவு ஒன்றை மூடும் சத்தம் கேட்டது.

“வரட்டே, சார்,” என்றது குரல். “வந்நிட்டு ஷிஜு தன்னே நோக்கட்டே. அதுவரெ கப்பல் அவிடெ நிக்கும்.”